ஒரு பழைய றேடியேற்றரின் சரித்திரம்

சரித்திரம் எழுதுவோர் அரசர்களிலிருந்து தொடங்குவதுண்டு. அரசியல் யாப்புகளிலிருந்து தொடங்குவதுண்டு. நான் ஒரு றேடியேற்றரிலிருந்து தொடங்குகிறேன். ஆசிரியனுக்கு இது அழகா என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுமையோடு உடன் வருவார்களாக. சபரகமுவையின் மலையடிவாரத்தில் வாழும் எவருக்கும் இவ்வுலோகப் பெட்டியின் கதை புறக்கணிக்கத் தக்கதன்று என்பதை நானே 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

என் மாமனாரிடம் ஒரு நிசான் கார் இருக்கிறது. இலங்கையில் ‘டொக்டர் சனி’ என்று பெயர் வழங்கும் எஃப்.பீ. 13 வகையைச் சேர்ந்தது. யப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்தபின் இங்கு வந்து, மூன்று கைகள் மாறி எங்கள் வீட்டை அடைந்தது. கடுகண்ணாவைக் கணவாயின் பாதி ஏற்றத்தில், நோயாளியொருவரைக் கண்டிக்கு ஏற்றிச் செல்லும் வேளையில், வெப்பமானியின் ஊசி சிவப்பைத் தொட்டது. மூடியின் கீழிருந்து ஆவி சீறிற்று. றேடியேற்றரின் மேற்றாங்கி நீளவாக்கில் பிளந்திருந்தது. அது பிளாஸ்ரிக்கால் ஆனது. நோயாளியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காரைக் கயிறு கட்டி ரம்புக்கனைக்கு இழுத்து வந்தோம்.

கராஜ்காரர் தோட்டத்தில் பிறந்தவர், அறுபதைக் கடந்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைச் சேர் என்பார். பிளவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இத ஒட்ட முடியாது சேர். பித்தளையா இருந்தா அரை மணி நேரத்துல ஊதிக் கொடுத்திருப்பேன்,” என்றார். பிறகு சொன்ன அறிவுரை முக்கியமானது: “பழசக் கழட்டிக் கையோட கொண்டு போங்க. பேரச் சொல்லிக் கேட்டா ஏமாத்திப்புடுவாங்க. பக்கத்துல வச்சு அளந்து பாத்து வாங்குங்க.”

ரம்புக்கனையில் இல்லை. மாவனெல்லையில் இருந்தது பொருந்தவில்லை. கேகாலையில் புதியது ஒன்றுக்குக் கேட்ட விலை என் மாதச் சம்பளத்தை விழுங்கியிருக்கும். அச்சம்பளத்தை உயர்த்தக் கோரி இந்நாட்டின் ஆசிரியர்கள் 2021இல் மாதக்கணக்காகப் போராடியதையும் இவ்விடத்திற் சொல்லி வைக்கிறேன். கடைசியில், உடைந்த றேடியேற்றரைச் சாக்கொன்றிற் சுற்றிக்கொண்டு, அதிகாலைப் புகையிரதத்தில் ஏறி மருதானையில் இறங்கிப் பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன்.

தேடலின்போது என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. வண்டிகள் ஏராளமாக ஓடும் ஒரு நாட்டில், வண்டியொன்றின் அத்தியாவசிய உறுப்பு ஏன் பிணங்களிலிருந்து எடுக்கப்படும் உறுப்பாக இருக்கிறது? புதியதை நாம் ஏன் செய்வதில்லை? வாங்குவதும் ஏன் இயலுவதில்லை? இக்கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், ரம்புக்கனை நிலையத்தின் மேடையைத் தாண்டி, தேயிலைக்கும் இறப்பருக்கும் நாம் வந்து சேர்கிறோம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பெற்றோல் எரிவதாற் பிறக்கும் வெப்பத்திற் சிறு பகுதியே சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சியதிற் பெரும் பங்கு புகைக்குழாயாலும் குளிரூட்டும் நீராலும் வெளியேற வேண்டும். வெளியேறாவிடின் உலோகம் விரிந்து எஞ்ஜின் இறுகிவிடும். தொடக்க காலக் கார்ல் பென்ஸின் வண்டிகளில் நீர் கொதித்து ஆவியாகிப் போயிற்று. சாரதி வழியெல்லாம் நீர் வார்க்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் 1900ஆம் ஆண்டில் 35 குதிரைவலு மெர்சிடீஸ் காருக்காகத் தேன்கூடு போன்ற றேடியேற்றரை அமைத்தார். ஆறு மில்லிமீற்றர்ச் சதுரக் குறுக்குவெட்டுடைய 8,070 குழாய்களை ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்த அமைப்பு அது. காற்று குழாய்களுக்குள்ளும் நீர் அவற்றைச் சுற்றியும் சென்றன. மோட்டர் வண்டி வேகமும் வலுவும் பெற்றதற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம்.

ஃபோர்டின் ‘ரீ மொடல்’ கார்களிற் பெரும்பாலானவற்றிலும் சிறிய ஒஸ்ரின் செவனிலும் நீரேற்றும் பம்பி இல்லை. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியே அவற்றிற் பம்பியாயிற்று. பின்னர்ப் பம்பி வந்தது, வெப்பநிறுத்தி வந்தது, அமுக்கமூடி வந்தது. மூடி ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கத்தைத் தாங்குமானால், நீர் 100 பாகையிற் கொதிக்காமல் 118 பாகைவரை பொறுத்திருக்கும். அப்பொறுமை உடையும்போது மூடியைத் திறப்பவன் முகம் வெந்துபோவான். மலைவீதியில் வண்டியோட்டும் எவனும் இப்பாடத்தை ஒருமுறையேனும் நேரிற் கண்டிருப்பான்.

மலையடிவாரத்தில் வெப்பமும் நீரும் மோட்டர் வண்டிக்கு முன்னரே பெரும் பிரச்சினையாயிருந்தன. கொழும்பிலிருந்து வரும் இருப்புப்பாதை ரம்புக்கனை வரை பெரும்பாலும் சமவெளியிற் செல்கிறது. அங்கிருந்து கடுகண்ணாவை வரை சுமார் 20 கிலோமீற்றர்த் தூரம் 45க்கு 1 என்ற சாய்வில் ஏறுகிறது. இரட்டைப் பாதை ரம்புக்கனையோடு முடிந்து, அதற்கப்பால் ஒற்றையாகிறது. ஏற்றத்துக்குப் பின்னாலிருந்து தள்ளும் துணை எஞ்ஜினை ரம்புக்கனையிற் பூட்டினார்கள். நீரும் கரியும் நிரப்பினார்கள். இவ்வூரின் நகரத்தன்மை முழுவதும் ஒரு வெப்பப் பொறியின் மூச்சிரைப்பிலிருந்து பிறந்தது என்றால் மிகையாகாது.

ஃபேவியல் என்ற ஒப்பந்தகாரர் 1863இற் பணியை ஏற்று, 1867இற் கண்டிக்கு வண்டி ஓடியது. ஃபேவியலின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. சரிவில் பாறையைக் குடைந்தவர்கள், காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மடிந்தவர்கள், அவர்களிற் பெருந்தொகையாகத் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டவர்கள் ஆகியோரின் பெயர்கள் இல்லை. பாதை அவர்களுக்காகப் போடப்படவுமில்லை. கோப்பிப் பெட்டிகள் இறங்குவதற்காகப் போடப்பட்டது. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைப் பெட்டிகள் இறங்கின.

நீராவி எஞ்ஜின்களை நீக்கும் பணி ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்ஜின்கள் வந்தன; அல்பேட்டா, ஒன்ராறியோ என்று கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி மலையேறின. எழுபது ஆண்டுகளின் பின்னும் அவ்வினத்திற் சில ஓடுகின்றன. ஓய்ந்துபோன எஞ்ஜினின் உறுப்பை ஓடும் எஞ்ஜினுக்குப் பூட்டும் கலையை நம் நாட்டின் புகையிரதப் பட்டறைத் தொழிலாளர், மோட்டர் மெக்கானிக்குகளுக்கு எவ்வகையிலும் சளைக்காமற் பயின்றிருக்கிறார்கள்.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். இலங்கைக்கு மோட்டர் காரை வாங்கித் தந்தது யார்? 1876இல் கியூ பூங்காவிலிருந்து 1,900க்கும் மேற்பட்ட இறப்பர் நாற்றுக்கள் இந்நாட்டுக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. முப்பது ஆண்டுகாலம் அவை தாவரவியலாரின் விருப்பப் பொருளாகவே பெரிதும் இருந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டர் வண்டி பெருகியதும், டயருக்காக இறப்பரின் விலை 1910ஆம் ஆண்டளவில் வெறிகொண்டு ஏறிற்று. கேகாலையின் மலைச்சரிவுகளும் களுத்துறையின் தாழ்நிலங்களும் இறப்பர்க் காடுகளாயின. ரம்புக்கனையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விடியுமுன் வாளியோடும் கத்தியோடும் புறப்பட்ட ஆணும் பெண்ணும் தாம் காணாத தேசத்து வண்டிகளின் சக்கரத்துக்குப் பால் வெட்டினார்கள்.

றேடியேற்றரை எஞ்ஜினோடு இணைக்கும் இரு குழாய்களும் இறப்பரால் ஆனவை என்பதை நினைத்துப் பாருங்கள். ஒட்டுப்பாலாகவும் தாளாகவும் இங்கிருந்து போனது, குழாயாகவும் டயராகவும் பெட்டியில் அடைபட்டுத் திரும்பி வந்தது. இரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் குடியேற்றவாதப் பொருளாதாரம் முழுவதும் குடியிருந்தது. கொரியப் போர்க்காலத்தில் இறப்பர் விலை உயர்ந்து, பின் சரிந்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவின் முகச்சுளிப்பையும் மீறி 1952 டிசம்பரில் இலங்கை சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர், அதற்கீடாக 270,000 தொன் அரிசி. வலதுசாரி அரசாங்கமொன்றை இடதுசாரி நாடொன்றிடம் கைநீட்ட வைத்தது வயிறு. அவ்விறப்பரை வெட்டிய தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் அதற்குள் பறிக்கப்பட்டாகிவிட்டது என்பதை மாணவர்கள் இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். நாட்டுக்குச் சோறு தேடித் தந்த கை, வாக்குச்சீட்டைத் தொடக்கூடாத கையாயிற்று.

அக்காலத்தில் கொழும்புத் துறைமுகத்தில் கார்கள் தடையின்றி இறங்கின. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 30, ஏ 40, ஹில்மன், ஃபோர்ட் பிறிஃபெக்ட், பீஜோ 203, ஃபியற் 1100, வோக்ஸ்வாகன் என்று அவற்றின் பட்டியல் நீளும். தோட்டத்துத் துரைமாருக்கும், மேனாட்டுப் படிப்புப் படித்த உத்தியோகத்தருக்கும், வணிகருக்கும் அவை உரியன. பழைய வண்டியின் பெயரை மட்டும் வைத்து உறுப்புத் தேடுவோர்க்கு அக்காலத்து நிறுவனச் சரித்திரமும் தேவை. ஒஸ்ரினும் மொறிஸும் 1952இல் ஒன்றிணைந்தன. ஒஸ்ரின் ஏ 30க்காக ஆக்கப்பட்ட ‘ஏ’ வகை எஞ்ஜின், அதே 1952ஆம் ஆண்டில் மொறிஸ் மைனருக்கும் இடம் மாறிற்று. எஞ்ஜின் ஒரே குடும்பம். ஆயினும் உடல் வேறு. ஆகவே வெப்பநிறுத்தி பொருந்தும், றேடியேற்றர் பொருந்தாது. பங்காளி வீட்டுச் சட்டை உடம்புக்கு அளவாவதில்லை.

1957 ஜனவரியில் வாகனங்களின் எண்தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. வடக்கே அதைத் தார்பூசி அழிக்கும் இயக்கம் எழுந்தது. தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் ஏறிற்று. மலையகத்துக்கும் அவ்வியக்கம் பரவ, 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் இரு தோட்டத் தொழிலாளர் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியாயினர். கார் வைத்திருக்கும் கனவுகூடக் காணாத இருவர், கார்த் தகட்டின் எழுத்துக்காக உயிரிழந்தார்கள். பண்டா-செல்வா ஒப்பந்தமும் அம்மாதத்திலேயே கிழிந்தது. இன்று பழைய கார் விரும்பிகள் ‘ஸ்ரீ’ எண்ணுக்கும், அதற்கு முந்திய ஆங்கில எழுத்து எண்ணுக்கும் மேலதிகப் பணம் கொடுக்கிறார்கள். பஞ்சிகாவத்தையில் அத்தகைய பழைய தகடொன்று சுவரில் மாட்டியிருக்கக் கண்டேன். கடைக்காரருக்கு அது அலங்காரம்.

ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து தேயிலையும் இறப்பரும் ஈட்டிய அந்நியச் செலாவணி இறக்குமதிச் செலவுக்குப் போதாமற் போயிற்று. 1960-61இல் அரசாங்கம் கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. அவற்றின் முதல் இலக்குகளுள் மோட்டர் காரும் ஒன்று. 1968இல் இரட்டை நாணயமாற்று விகிதம் வந்தது. அரிசி, மா, மருந்து போன்றன ஒரு விலைக்கு. மற்றவை செலாவணி உரிமைச் சான்றிதழ் பெற்று 44 வீதம் கூடிய விலைக்கு. பின்னர் அது 55 வீதமாகி, 1972இல் 65 வீதமாயிற்று. இக்கொள்கை தவறென்று கூச்சலிட்டவர்கள் பலர். மக்களுக்கு மலிவான அரிசியா, சிலருக்குப் புதிய காரா என்று கேட்டால், நான் அரிசியின் பக்கமே நிற்பேன். ஆனால் அரசாங்கம் கட்டுப்படுத்தியதோடு நின்றுவிட்டதும், உறுப்புக்களை உள்நாட்டிற் செய்யும் பெருமுயற்சி வேர்பிடிக்காததும் நம் சரித்திரத்தின் பெரிய குறைகள். சோவியத் உதவியோடு அறுபதுகளிற் களனியில் எழுந்த டயர்த் தொழிற்சாலை போன்றவை அருமையாகவே தோன்றின. எங்கள் இறப்பர் எங்கள் நாட்டிலேயே டயராயிற்று. அதைப் போலப் பத்து எழுந்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளியைத்தான் மெக்கானிக் நிரப்பினான். புதிய கார் வராத நாட்டில் பழைய கார் சாவதில்லை, சாக விடப்படுவதில்லை. மோதி நொறுங்கிய ஒஸ்ரின் ஒன்று கிடைத்தால் அதன் கதவு ஓரிடத்துக்கும், அச்சு ஓரிடத்துக்கும், றேடியேற்றர் வேறோரிடத்துக்கும் போயின. சிங்களத்தில் கைவினைஞனைக் குறிக்கும் ‘பாஸ்’ என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. ஒல்லாந்தில் அதன் பொருள் முதலாளி. நம் நாட்டில் அது உழைப்பாளியின் பட்டமானது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பாஸ் உன்னஹே ஒருவரின் கையில் ஊதுவிளக்கும், ஈயக் கம்பியும், சிறிது அமிலமும் இருந்தால், துளை விழுந்த றேடியேற்றர் பத்துத் தடவையேனும் மீண்டெழும். காரணம், அக்காலத்து றேடியேற்றர் செம்பும் பித்தளையுமாகும். தாங்கிகளை ஈயப் பற்றால் இணைத்திருப்பார்கள். பற்றை உருக்கினால் தாங்கி கழன்றுவிடும். உள்ளே மலைநீரின் சுண்ணாம்பும் துருவும் அடைத்த குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டையான உருக்குக் கம்பி விட்டுக் குத்தி, மீண்டும் பற்றவைப்பார்கள். கசியும் குழாயின் இருபுறத்தையும் அடைத்துவிட்டால் மீதிக் குழாய்கள் வேலை செய்யும்.

கராஜ்கார அண்ணன் இக்கலையைப் பதினான்கு வயதில் கண்டி வீதியில் ஒரு சிங்களப் பாஸிடம் பயின்றாராம். தோட்டத்து இறப்பர் ஆலையில் பால் உறையவைக்கும் அமிலத்தின் வாசம் அவருக்குத் தெரியும். பட்டறை அமிலத்தின் வாசமும் தெரியும். “ரெண்டும் கையத் திங்கும் சேர்,” என்றார். ஈயப் புகையைச் சுவாசித்தே வளர்ந்த தலைமுறை அது. அதன் தீமையை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொன்னதில்லை. பழைய தொழில்களைப் புகழும்போது நாம் அந்தப் புகையையும் மறைத்துவிடலாகாது.

எழுபதுகளின் பஞ்சம் அவர் நினைவில் இருக்கிறது. 1973இல் எண்ணெய் விலை நான்கு மடங்காயிற்று. உலகச் சந்தையில் உணவின் விலையும் ஏறிற்று. நகரத்தவர் பாணுக்கு வரிசையில் நின்றனர். தோட்டங்களில் 1973-74இல் மக்கள் பசியால் மடிந்தனர். 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. நிலம் கைமாறியது; லயத்துக் கூரை மாறவில்லை. 1964 அக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்தன. உறுப்புக்களைப் பங்கிடுவது போல் மனிதரைப் பங்கிட்டார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன வண்டிகள் இந்தச் சரிவின் வழியே இறங்கின. அவை ரம்புக்கனையைக் கடந்து பொல்காவலையில் வடக்கே திரும்பின. மேடையில் நின்று அழுது விடைகொடுத்த ஒலியைத் தம் பிள்ளைப்பருவத்திற் கேட்டதாகச் சொல்லும் சிங்கள முதியவர்கள் இவ்வூரில் இன்றும் இருக்கிறார்கள். அண்ணனின் தமக்கை குடும்பம் அவ்வண்டிகளில் ஒன்றிற் போயிற்று.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இம்முறை கார்கள் பிரித்தானியாவிலிருந்து வரவில்லை. யப்பானிலிருந்து, பெரும்பாலும் பழையனவாகவே வந்தன. அதற்கும் ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. யப்பானில் தனியார் காருக்கு முதல் மூன்றாண்டுகளின் பின்னும், அதற்கப்பால் ஈராண்டுக்கொரு முறையும் செலவுமிகுந்த கட்டாயப் பரிசோதனை உண்டு. வண்டி முதுமையடையும்போது பரிசோதனைச் செலவைவிட அதைக் கழித்துவிடுவதே ஆதாயம். யப்பானியரும் நம்மைப் போல வீதியின் இடப்பக்கம் ஓட்டுவோர் ஆதலால், அவர்கள் கழித்தது நமக்குப் பொருந்துகிறது. முழுக்கார் மட்டுமா? பாதியாக வெட்டப்பட்ட காரும் வந்தது. ‘ஹாஃப் கட்’ என்று பஞ்சிகாவத்தையில் வழங்கும் அம்முன்பாதியில் எஞ்ஜின், கியர்ப்பெட்டி, விளக்கு, றேடியேற்றர் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாட்டின் குப்பை இன்னொரு நாட்டின் மூலதனமாகும் விந்தை இது.

புதிய வண்டிகளோடு புதிய உலோகமும் வந்தது. எழுபதுகளிலிருந்து உலகின் பெருநிறுவனங்கள் செம்பையும் பித்தளையையும் விட்டு, அலுமினிய நடுப்பகுதிக்கும் பிளாஸ்ரிக் தாங்கிக்கும் மாறத் தொடங்கின. பாரம் குறைவு, விலை குறைவு, செய்வதும் எளிது. தாங்கியின் விளிம்பை அலுமினியப் பற்களால் மடித்து இறுக்கிவிடுவார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் பிளாஸ்ரிக் நொய்ந்து பிளக்கிறது. அதை ஊதுவிளக்கு தீண்ட முடியாது. இவ்வாறு, பாஸின் கையிலிருந்த பழுதுபார்க்கும் உரிமை, எவரும் சட்டமியற்றாமலேயே பறிக்கப்பட்டது. செய்பவன் வேறு, பழுதானால் மீண்டும் வாங்குபவன் வேறு. இடையில் நின்ற கைவினைஞன் தேவையில்லை! முன்னேற்றம் என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்பதற்கு என் சாக்கில் இருந்த உடைந்த பெட்டியே சாட்சி.

ஆயினும் நம் கைவினைஞர் முற்றாகத் தோற்றுவிடவில்லை. பிரித்தானியாவில் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களைப் புதுப்பிக்கும் நிலையமொன்றை நடத்திய சார்ள்ஸ் வேர், தொண்ணூறுகளில் இலங்கையரொருவருடன் சேர்ந்து இந்நாட்டில் மைனருக்கான உடற்றகடுகளையும் உறுப்புக்களையும் செய்விக்கத் தொடங்கினார். 1948இல் ஒக்ஸ்போர்டிற் பிறந்த காரின் உறுப்பு, அரை நூற்றாண்டின்பின் இலங்கைத் தொழிலாளியின் கையாற் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. தட்டுப்பாட்டிற் பயின்ற கை, வாய்ப்புக் கிடைத்தபோது தன்னை நிரூபித்தது. இது உல்லாச விரும்பிகளின் சிறுசந்தை என்பதை நானறிவேன். எனினும் ‘நம்மால் முடியாது’ என்போர்க்கு இதைச் சொல்வதுண்டு.

நம் நாடு இதில் தனித்து நிற்கவுமில்லை. புரட்சிக்குப் பின் 1960இல் அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடையால் உறுப்பிழந்த கியூபாவின் ஷெவர்லேகளை ஹவானாவின் மெக்கானிக்குகள் அறுபதாண்டுக்கு மேலாக ஓடவைத்திருக்கிறார்கள். கானாவின் குமாசி நகரில் சுவாமே என்னுமிடத்துப் பட்டறைகள் ஆபிரிக்காவின் மிகப் பெரிய மோட்டர்ப் பட்டறைத் தொகுதிகளுள் ஒன்று. சென்னையின் புதுப்பேட்டையில், காரொன்றை மாலைக்குள் எலும்பும் தோலுமாகப் பிரித்துவிடுவார்கள் என்பது பழமொழி போல் வழங்குகிறது. மூன்றிடங்களிலும் பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளைகளே பொறியியலாளராகிறார்கள்.

பஞ்சிகாவத்தைக்குத் திரும்புவோம். ஒடுங்கிய சந்துகள், தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கும் பேரம். முஸ்லிம், சிங்கள, தமிழ் வணிகர் அருகருகே கடை வைத்திருக்கிறார்கள். எண்ணெய் படிந்த தரையில் எஞ்ஜின்கள் தேங்காய்க் குவியல்போற் கிடந்தன. நான் வண்டியின் பெயரைச் சொன்னதும் கடைக்காரப் பையன் கேட்ட முதற் கேள்வி: “ஓட்டோவா, மெனுவலா?” தானியங்கிக் கியர் உள்ள காரின் றேடியேற்றர்த் தாங்கிக்குள் கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் சிறு குழாயொன்றும் பொதிந்திருக்கும், வெளியே அதற்கு இரு வாய்கள் உண்டு. மாமனாரின் கார் மெனுவல். பையனிடம் இருந்ததோ ஓட்டோ. ஓட்டோவின் றேடியேற்றரை மெனுவலுக்குப் பூட்டி அவ்விரு வாய்களையும் அடைத்துவிடலாம். மறுதலையாகச் செய்தால் கியர் எண்ணெய்க்கு வழியில்லாமற் போகும். பொருத்தம் என்பது இருபுறமும் செல்லும் வீதியன்று என்று அன்று கற்றேன்.

இரண்டையும் தரையில் அருகருகே வைத்து அளந்தோம். அகலம், உயரம், நடுப்பகுதியின் தடிப்பு, மேற்குழாயின் வாய், கீழ்க்குழாயின் வாய், பொருத்தும் காதுகள், விசிறிக்கூட்டின் திருகுத்துளைகள், மூடியின் அமுக்க எண். என் அதிட்டம், இது பித்தளைத் தாங்கியும் செம்பு நடுப்பகுதியும் கொண்டது. பையன் ஒரு வாயைக் கையால் அடைத்து, மறுவாயில் நீர் ஊற்றி, கீழே எவ்வளவு விரைவாக வடிகிறதென்று காட்டினான். விலை எவ்வளவு என்று எழுத வெட்கமாயிருக்கிறது; அரைமாதச் சம்பளம். “டொலர் இல்ல சேர், கொண்டெய்னர் வரல்ல,” என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டிருந்தது. 2019இன் இறுதியில் 760 கோடி டொலராயிருந்த நாட்டின் ஒதுக்கு, 2021இன் இறுதியில் ஏறத்தாழ 310 கோடியாகி, அதன்பின் அதுவுமில்லாமற் போயிற்று. உதிரிப்பாகம் வரவழைக்க வங்கியிற் கடன்பத்திரம் திறக்க முடியவில்லை. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது மே மாதத்தில் 360 வரை சென்றது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென அரசாங்கம் அறிவித்தது. அறுபதுகளின் நெருக்கடிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று அரசாங்கம் காரை நிறுத்தி அரிசியைக் காத்தது. 2022இல் காரும் நின்றது, அரிசியும் ஏறிற்று, மருந்தும் இல்லாமற் போயிற்று.

அண்ணன் அந்த றேடியேற்றரின் இரு எண்ணெய் வாய்களையும் பித்தளைத் துண்டுகளால் மூடி ஈயப் பற்றிட்டார். பழைய இறப்பர்க் குழாய்கள் வெடித்திருந்தமையால் உள்நாட்டிற் செய்த புதியன இரண்டு போட்டார். மாலையில் எஞ்ஜின் இயங்கிற்று. ஊசி நடுவில் நின்றது.

ஆனால் ஊற்றப் பெற்றோல் இல்லை. ஏப்ரல் 18 நள்ளிரவு முதல், 254 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர்ப் பெற்றோல் 338 ஆயிற்று. மறுநாள் ரம்புக்கனையில், முந்திய இரவிலிருந்து எரிபொருளுக்குக் காத்திருந்தோர் வீதியையும் இருப்புப்பாதையையும் மறித்தனர். மோட்டர் சைக்கிள்காரர், முச்சக்கரவண்டிக்காரர், சிறுவிவசாயிகள் ஆகியோர் அவர்கள். பகல் முழுதும் மறியல் நீடித்தது. பாதைக்கருகில் எண்ணெய்த்தாங்கி வண்டியொன்று நின்றது. அதற்குத் தீவைக்க முயன்றதால் சுட்டோம் என்றது பொலிஸ். ஒருவர் இறந்தார்; பத்துப் பேருக்கு மேற் காயமுற்றனர். பின்னர் உயர் பொலிஸ் அதிகாரியொருவரும் காவலர் சிலரும் கைதாயினர். 1860களிற் பெயரற்றோர் வெட்டிய அதே பாதையின் ஓரத்தில் இரத்தம் சிந்திற்று. இறந்தவர் சிங்களவர், 1958இல் பொகவந்தலாவையில் இறந்தோர் தமிழர். இரு துப்பாக்கிகளும் ஒரே திணைக்களத்தினுடையவை.

மறுநாள் அண்ணன் கராஜைத் திறக்கவில்லை. இறந்தவரின் வீட்டுக்குப் போனதாக அறிந்தேன்.

ஜூலையின் இறுதியில் எரிபொருள் அட்டைமுறை வந்தது. காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். அந்த 20 லீற்றரைக் கொண்டு மாமனார் முதலிற் சென்ற இடம் கண்டி; அந்நோயாளியின் மறுபரிசோதனை ஆறு மாதம் பிந்தியிருந்தது. கடுகண்ணாவையின் ஏற்றத்தில் நான் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனியார் கார்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. புதியனவற்றின் விலை எங்களைப் போன்றோர் கேட்டறியும் விலையன்று. பித்தளைத் தாங்கி இன்னும் கசியவில்லை. உடைந்த பழையதை அண்ணன் வெட்டி, அலுமினியத்தை நிறுத்து விற்றார். பிளாஸ்ரிக் பாதியிரண்டில் ஒன்று கராஜின் வாசலில் கிடக்கிறது. அதில் ஆணிகள் போட்டு வைத்திருக்கிறார்.